கடல்காற்றுக்குப் போன அஞ்சு மார்க்

என் மூத்தவன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். போன காலாண்டுப் பரீட்சைத் தாளை அவன் என்னிடம் காட்டவேயில்லை. துவைக்கப் போட்ட சட்டைப் பையில் எட்டாய் மடித்துக் கிடந்தது. தண்ணீரில் முக்குவதற்கு முன் தற்செயலாய்க் கையில் தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தேன். கடல்காற்று, நிலக்காற்று இரண்டையும் விளக்கச் சொல்லி ஒரு கேள்வி. அஞ்சு மார்க். பயல் அழகான கையெழுத்தில் அரைப் பக்கம் எழுதியிருந்தான். ஒரே ஒரு கோளாறுதான். எல்லாம் தலைகீழ்! பகலில் வீசுவது நிலக்காற்றாம், இரவில் வீசுவது கடல்காற்றாம். அம்புக்குறி போட்டுப் படம் வேறு. டீச்சர் சிவப்பு மையால் பெரிய முட்டை ஒன்று போட்டிருந்தார்.

எங்கள் ஊர் கடியப்பட்டணம். வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் கடலுக்குக் கேட்கும். இவன் அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். பாட்டா கட்டுமரத்தில் போனவர். அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கடல்காற்றில் முட்டை! முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடித்ததும் கொஞ்சம் வெட்கமாயும் இருந்தது. அவனை உட்கார வைத்து, "பாடத்தை ஒழுங்காப் படி, பாராமல் எழுது" என்று தினம் தினம் பாடம் பண்ண வைத்தவள் நான்தானே.

"ஏன் மக்ளே மாத்தி எழுதினே?" என்றேன். அவன் சொன்ன பதிலைக் கேளுங்கள். "நாகர்கோவில் பஸ்னா நாகர்கோவிலுக்குப் போற பஸ்தானம்மா? அப்போ கடல்காற்றுன்னா கடலுக்குப் போற காற்றுதானே?"

பிள்ளை முட்டாள் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவன் யோசித்திருக்கிறான். நாங்கள் யாரும் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை.

திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்த என் மாமனார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "என்னது பிள்ளே, இதுக்கா மார்க்கு போச்சு? எலே, எஞ்சின் இல்லாத காலத்துல கரைக்காத்து இல்லேன்னா நாங்க எப்பிடிலே பாய் விரிச்சு வெளியே போவோம்? விடியக்காலம் கரைக்காத்துல போவோம். உச்சிக்குப் பொறவு கடக்காத்து கிளம்பும். அதுல பாயைப் போட்டுக் கரை பிடிப்போம். ஆனி ஆடியில மட்டும் இந்தக் கணக்கு ஓடாது" என்றார். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க இருந்ததை, கையிலிருந்த ஊசியைக் கீழே வைக்காமலே சொல்லி முடித்துவிட்டார்.

பெயர்க் குழப்பத்தை நான் தீர்த்தேன். நான் பிறந்தது குளச்சல் பக்கம். இருபது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் குடும்பம் நடத்தியும் இன்றுவரை நான் இங்கே 'குளச்சல்காரி'தான். எதிர்வீட்டு அக்கா 'முட்டத்துக்காரி'. "காற்றும் எங்களை மாதிரிதான் மக்ளே. எங்கே பிறந்ததோ அந்த ஊர்ப் பேரோடுதான் வரும்" என்றேன். அதற்கப்புறம் அவன் அதை மறக்கவேயில்லை.

பெயர் சரி. காரணம்? நான் படித்தது பத்தாம் வகுப்பு. அதையும் மறந்து எத்தனையோ வருஷம். அவனுடைய புத்தகத்தை வாங்கி நானே இரண்டு தரம் படித்தேன். மணல் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். தண்ணீர் மெதுவாய்ச் சூடாகும், மெதுவாய் ஆறும். விஷயம் இவ்வளவுதான். இது நமக்குத் தெரியாததா? வெறும் இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்தால் ஒரு நிமிஷத்தில் புகைகிறது. அதே அடுப்பில் உலைநீர் கொதிக்க எவ்வளவு நேரம்! ஒரு கிலோ மணலைச் சூடாக்குவதைப் போல ஏறக்குறைய அஞ்சு மடங்கு வெப்பம் வேண்டும், ஒரு கிலோ தண்ணீரை அதே அளவு சூடாக்க.

சனிக்கிழமை செய்து பார்த்தோம். முதலில் இரண்டு தட்டு எடுத்து, ஒன்றில் மணலும் ஒன்றில் தண்ணீரும் வைத்து ஏமாந்தேன். தட்டில் கொஞ்சம்போல் இருக்கும் தண்ணீர் சட்டென்று சூடாகிவிடுகிறது. மாலையில் ஆவியாகிக் குளிர்ந்தும் விடுகிறது. பிறகு ஒரே அளவில் இரண்டு வாளி எடுத்தோம். ஒன்றில் கடற்கரை மணல், ஒன்றில் தண்ணீர். வெயிலில் வைத்து மதியம் ஒரு மணிக்குத் தொட்டுப் பார்த்தால் மேல்மணலில் கை வைக்க முடியவில்லை. தண்ணீர் வெதுவெதுப்புத்தான். இரவு ஜெபம் முடிந்து மறுபடி தொட்டுப் பார்த்தோம். மணல் சில்லென்று இருக்கிறது. தண்ணீரில் இன்னும் சூடு இருக்கிறது. இளையவள் மூன்றாம் வகுப்பு. இரண்டு வாளியிலும் மாறி மாறிக் கைவிட்டு, "தண்ணி ஏன் இன்னும் தூங்கல்லே?" என்று கேட்டாள்.

எங்கள் கரையில் மணல் சில இடங்களில் கறுத்தும் சிவந்தும் கிடக்கும். இந்தக் கறுத்த மணல் இன்னும் அதிகமாய்க் காலைச் சுடும். கறுப்பு வெயிலை அதிகம் வாங்கிக்கொள்ளும் என்பதும் அன்றைக்கே பாடமாகிவிட்டது. பக்கத்து ஊர் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் மணல் ஆலை இருப்பது பலருக்குத் தெரியும். திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்துத்தான் ஷோம்பெர்க் என்கிற ஜெர்மன்காரர் 1909-ல் இந்தக் கரையைத் தேடி வந்தார். அதில் மோனசைட் என்கிற கனிமம் இருந்தது. கயிற்றை உதறிவிட்டுப் போகாமல் மணலைப் பார்த்தாரே, அந்தப் புத்தியைத்தான் பிள்ளைகளிடம் சொன்னேன்.

பகலில் தரை சூடானால் அதன் மேலிருக்கும் காற்றும் சூடாகி லேசாகி மேலே போகும். அந்த இடத்துக்குக் கடல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று ஓடி வரும். இரவில் கரை ஆறிவிடும், கடலில் சூடு இருக்கும். காற்று அந்தப் பக்கம் போகும். சொன்னதும் என் மகன் கேட்டான்: "மேலே போற காற்றை நீ பார்த்தியா?" பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

புறவாசலில் வெந்நீர் வைக்கும் விறகு அடுப்பு நன்றாய்க் கனன்றுகொண்டிருந்தது. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பு வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையோடு ஒட்டிப் பிடித்தேன். புகை நேராய் மேலே போகவில்லை! வளைந்து அடுப்புக்குள்ளேயே போயிற்று. அடுப்புக்கு மேலே பிடித்தால் விறுவிறென்று மேலே ஏறுகிறது. "அடுப்புதான் கரை, நீ நிற்கிற இடம் கடல்" என்றேன். பையன் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே! (ஊதுபத்தியை நீங்களே பிடியுங்கள். பாவாடை, தாவணி, நைட்டி எல்லாம் அடுப்பிலிருந்து தள்ளி இருக்கட்டும்.) பாட்டா சொன்ன ஆனி ஆடிக் கணக்கும் அப்போதுதான் எனக்கே புரிந்தது. கோடையில் இந்த நாடு முழுவதும் சூடேறிக் கிடக்க, பெருங்கடலிலிருந்து மாதக்கணக்கில் வீசுகிற பெரிய கடல்காற்று போன்றதுதான் தென்மேற்குப் பருவக்காற்று. அது வீசும்போது சின்னக் காற்றின் கணக்கு எங்கே செல்லும்?

இதெல்லாம் கேட்டு, நான் ஏதோ பெரிய டீச்சர் ஆகிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வாரமே மானம் போயிற்று. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்து ஆறேழு பேர் ஆகிவிட்டார்கள். உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் என்று நான் எப்போதோ படித்திருந்தேன். "போய் ஒரு போணி கடல் தண்ணி கொண்டு வாங்க, முட்டையை மிதக்க விட்டுக் காட்டுதேன்" என்று ஜம்பமாய்ச் சொன்னேன். கொண்டு வந்தார்கள். முட்டையைப் போட்டேன். தொப்பென்று அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரே சிரிப்பு.

விட்டுவிட்டு எழுந்துவிடலாமா என்றிருந்தது. நல்லவேளை, அடுக்களை உப்பு ஜாடி பக்கத்தில் இருந்தது. அதே கடல் தண்ணீரில் ஒவ்வொரு கரண்டியாய் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே வந்தோம். பிள்ளைகள் சத்தமாய் எண்ணினார்கள். ஒரு கட்டத்தில் முட்டை மெல்ல எழும்பி, தலையை நீட்டி நின்றது. அன்றைக்கு அவர்கள் போட்ட கூச்சலுக்குத் தெருவே வந்துவிட்டது! பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புத்தான். நல்ல முட்டை மிதக்க அதைப் போல மூன்று நாலு மடங்கு வேண்டும். உப்பு கூடக் கூடத் தண்ணீர் கனக்கிறது. முட்டையைவிடக் கனமானதும் முட்டையைத் தூக்கிவிடுகிறது. நான் சொன்னது தப்பாய்ப் போனதால்தான் பிள்ளைகள் 'எவ்வளவு உப்பு?' என்று கணக்கே கேட்டார்கள். செய்கிறவர்கள் புதிய முட்டையாகப் பாருங்கள். நாள்பட்ட முட்டைக்குள் காற்று சேர்ந்து அது சாதாரணத் தண்ணீரிலேயே மிதக்கும். கெட்ட முட்டை கண்டுபிடிக்க நாம் செய்கிற வேலைதானே அது.

பூமி உருண்டை என்பதைச் சொல்லிக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். வாய் திறந்து பேசாத மனிதர். அன்று ஏனோ அவரே சொன்னார்: "கரையை விட்டுப் போகப் போக முதல்ல வீடு மறையும். பின்னே தென்னை. அப்புறம் கோயில் கோபுரம். மலை கடைசி வரைக்கும் தெரியும்." ஏன் அப்படி? கண்ணுக்கு எட்டாத தூரம் என்றால் எல்லாம் ஒன்றாய் அல்லவா மங்க வேண்டும்? கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாய் ஏன் முங்க வேண்டும்? சந்தையில் வாங்கி வைத்திருந்த பெரிய பூசணிக்காயை எடுத்தேன். அதன் மேல் தீக்குச்சி ஒன்றை நட்டேன். பூசணிக்காயைக் கண்ணுக்கு நேரே பிடித்து மெல்ல அப்புறமாய் உருட்டினால் குச்சியின் அடி முதலில் மறைகிறது. தலை கடைசியில் மறைகிறது. கடற்கரையில் நிற்கிற என் உயரத்துக்கு நாலரைக் கிலோமீட்டருக்குள் கடல் முடிந்துவிடுவது போலத் தெரியும். முப்பது மீட்டர் உயரத்தில் ஏறி நின்றால் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தெரியும். முட்டத்து விளக்கை ஏன் பாறை மேட்டில் கொண்டு போய் வைத்தார்கள் என்று இப்போது எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அந்தப் பூசணிக்காயை மறுநாள் எரிசேரி வைத்துவிட்டேன்.

'நமக்கென்ன தெரியும், டியூஷன் வைத்திருக்கிறோமே' என்று சில சகோதரிகள் சொல்வதுண்டு. மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி கொல்லர் வீட்டுப் பிள்ளை. பள்ளிப் படிப்பு கொஞ்சந்தான். பதினாலு வயசில் புத்தகம் கட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். மின்சாரத்தைப் பற்றி உலகுக்கே சொன்ன அவர், 1860-ம் வருஷக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டனில் சிறுவர் சிறுமியரை உட்கார வைத்து, ஒரே ஒரு மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்துக்கொண்டு ஆறு பிரசங்கம் செய்தார். மெழுகு எப்படி உருகுகிறது, திரி எப்படி உறிஞ்சுகிறது, எரிந்த மெழுகு எங்கே போகிறது என்று. நம் தமிழில் பெ.நா. அப்புசாமி இருந்தார். தொழில் வக்கீல். ஆனால் வாழ்நாளெல்லாம் விஞ்ஞானத்தை எளிய தமிழில் எழுதியவர். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-ல் தொடங்கிய 'துளிர்' பத்திரிகையும் பிள்ளைகளுக்காகவே வந்ததுதான்.

எனக்கு இதில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று என் நாத்தனார்கூடக் கேட்டாள். மார்க்குக்காக மட்டும் இல்லை.

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அப்போது எனக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. என் பெரியம்மா பேத்தி குளச்சல் பக்கத்தில் இருந்தாள். ஒன்பது வயசு. புதுப் பாவாடையை இரண்டாம் நாளும் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்து உடுத்தியிருந்தாள். கடல் உள்ளே போயிற்று. என்றைக்கும் பார்க்காத தரை தெரிந்தது. சிப்பி பொறுக்க ஓடின பிள்ளைகளோடு அவளும் ஓடினாள். பெரியவர்களும் வேடிக்கைதான் பார்த்தார்கள். யாரைக் குற்றம் சொல்ல? சுனாமி என்கிற வார்த்தையே எங்களுக்கு மறுநாள் பேப்பரில்தான் அறிமுகம். அவளை மூன்றாம் நாள் பார்த்தோம்.

அதே நாளில் தாய்லாந்தின் ஃபுக்கெட் தீவில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயசு ஆங்கிலேயப் பெண் பெற்றோருடன் கடற்கரையில் இருந்தாள். கடல் நுரைத்து ஒரு தினுசாய் இருப்பதைக் கண்டதும், இரண்டு வாரத்துக்கு முன் வகுப்பில் நடந்த பாடம் ஞாபகம் வந்து கத்தினாள். கரையை காலி செய்தார்கள். அந்தக் கடற்கரையில் ஒருவரும் சாகவில்லை. சுமத்ராவுக்குப் பக்கத்தில் சிமெலூ என்று ஒரு தீவு. பூகம்பம் உண்டான இடத்துக்கு மிக அருகில். அங்கே 1907-ல் ஒருமுறை இப்படி வந்ததைப் பாட்டிமார் 'ஸ்மோங்' என்ற பெயரில் பேரப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். பூமி பலமாய் ஆடி, கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்று. ஏறக்குறைய 78,000 பேர் இருந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்தான். அங்கே பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பாட்டி இருந்தாள்.

என் பிள்ளைகளுக்கு இதை நான் பெரிய சருவத்தில் காட்டினேன். அரைச் சருவம் தண்ணீர். "ஊது" என்றேன். மேல்தண்ணீர் மட்டும் சிலிர்த்தது. "இது காற்றால் வருகிற அலை, தினமும் பார்க்கிறது." பிறகு சருவத்தின் ஒரு பக்கத்தைச் சட்டென்று தூக்கி இறக்கினேன். தண்ணீர் மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்தது. மறுபக்கம் அடித்தகடு தெரிந்தது. அடுத்த நொடி அதே தண்ணீர் திரும்பி வந்து விளிம்பு தாண்டி அடுக்களையெல்லாம் கொட்டிற்று. "இது அடித்தரை அசைந்ததால் வருவது. மேல்தண்ணி இல்லை, மொத்தக் கடலும் நகருது." ஆழ்கடலில் அது ஆகாய விமானத்தின் வேகத்தில் போகும், உயரம் தெரியாது. கரைக்கு வர வர வேகம் குறைந்து உயரம் கூடும். எப்போதும் கடல் உள்வாங்கித்தான் வரும் என்பதும் இல்லை, வாங்காமலும் வரும். முதல் அலையோடு முடியாது. அடுத்தது அதைவிடப் பெரிதாக இருக்கலாம். மணிக்கணக்கில் வரும். ஹைதராபாத்தில் 2007 முதல் எச்சரிக்கை நிலையம் இயங்குகிறது. ஆனாலும் கரையில் நிற்கிற பிள்ளைக்குத் தன் கண்ணே முதல் எச்சரிக்கை. கடல் வழக்கத்துக்கு மாறாய்ப் பின்னால் போனால் சிப்பி பொறுக்கக் கூடாது, திரும்பிப் பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். இதை இளையவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

அன்று அடுக்களையைத் துடைத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பரவாயில்லை.

தினமும் இப்படி உட்கார நமக்கு நேரம் ஏது? சோறு வடிக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் கேட்கிற கேள்விக்குக் கையிலிருப்பதை வைத்தே காட்டிவிடுகிறேன். தெரியாவிட்டால், "தெரியல்லே, கேட்டுச் சொல்லுதேன்" என்பேன். சொன்னபடி கேட்டும் வந்துவிட வேண்டும். பிள்ளைகள் கணக்கு வைத்திருக்கும்.

போன வாரம் அயிலைக் குழம்பு. நான் உப்புப் போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்ற இளையவள் கேட்டாள்: "மீன் உப்புத் தண்ணியிலதானே கிடக்கு? பின்னே ஏன் குழம்புக்கு உப்புப் போடுதே?"

கரண்டி அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருஷம் மீன் கழுவி, மீன் வைத்து, எனக்கு ஒருநாளும் தோன்றவில்லையே! பக்கத்துத் தெருவில் உயிரியல் படித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். ஓடிப்போய்க் கேட்டேன். கடல் மீன் உப்புத் தண்ணீரைத்தான் குடிக்கிறதாம். குடித்துவிட்டு, அதிலுள்ள உப்பைச் செவுள் வழியே வெளியே தள்ளிவிடுகிறதாம். அதனால்தான் சதையில் கரிப்பு இல்லை. சுறாவுக்கு மட்டும் வேறு வழி. அது யூரியாவை உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொண்டு கடலின் உப்புக்கு ஈடுகொடுக்கிறதாம். செத்த பிறகு அந்த யூரியாதான் மாறி அந்த நெடி அடிக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு செய்யச் சுறா வாங்கும்போதெல்லாம் மூக்கைச் சுளித்துக்கொண்டு கழுவுவோமே, அந்த நெடி!

வந்து சொன்னேன். இளையவளுக்குத் திருப்தி. மூத்தவன்தான் சாப்பாட்டுத் தட்டோடு நிமிர்ந்து, "அப்போ திருக்கையும் அப்படித்தானே நாறுது? அதுவும் சுறா சாதியாம்மா?" என்றான்.

அவர் இன்று அதிகாலை கடலுக்குப் போயிருக்கிறார். திருக்கை பட்டால் ஒன்று வீட்டுக்கு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.